பங்குனியில் மூடிய கடை

மார்ச் 16

கோவைப் பக்கத்து வைண்டிங் கடைகளுக்குப் பங்குனிதான் சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்கும், லைனில் வோல்டேஜ் இறங்கும், தோட்டத்து மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் புகைந்து வந்து சேரும். இந்த வைண்டிங்காரரின் கடை மட்டும் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. மாசியில் வந்த பக்கவாதம் பேச்சையும் நடையையும் விட்டுவைத்தது. வலது கையில் உட்கார்ந்துகொண்டது. விரல்கள் மடங்குகின்றன, நீள்கின்றன. ஸ்லாட்டுக்குள் செம்புக் கம்பியை அடுக்க அது போதாது. பிசியோதெரபிஸ்ட் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 17

வைண்டிங்காரர் கடலையை இரவே ஊறப்போடச் சொல்லிவிட்டார். இன்று சுண்டல்.

மார்ச் 20

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது விட்டுப்போன அட்டைப்பெட்டி. உள்ளே புரோகிராம் எழுதி இயக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, பிரெட்போர்டு, சிக்கலாய்க் கிடந்த ஜம்பர் வயர்கள், மஞ்சள் பிளாஸ்டிக் கியர்பாக்ஸ் வைத்த இரண்டு குட்டி மோட்டார்கள். மாணவர்களின் ரோபோ வண்டிகளில் பெரும்பாலும் ஓடுவது இந்த வகைதான்: 3 முதல் 6 வோல்ட், கியர் விகிதம் 1:48. ஏழரை எச்.பி. மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். கடலைக்கு இது மேல்.

போனில் மகள் பதறினாள். "அப்பா, மோட்டாரை நேரா பின்னுல குடுத்தறாதீங்க, போர்டு போயிரும்." ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுக்கலாம், 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. இந்த மோட்டார் சும்மா சுற்றவே 150 மில்லிஆம்பியர் அளவில் கேட்கும்.

"அப்பப் பின்னுங்கறது ஸ்டார்ட்டர் பட்டன் மாதிரி. கான்டாக்டர் தனியா வேணும். அப்படித்தான கண்ணு?"

மறுமுனையில் சிரிப்பு. அவள் வகுப்பில் இதைச் சொல்லி முடிக்க ஒரு பீரியட் ஆனதாம்.

மார்ச் 24

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 4 ஓம். அப்படியானால் 6 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் ஒன்றரை ஆம்பியர் பாயும். சும்மா சுற்றும்போது எடுப்பதைவிடப் பத்து மடங்கு. சுற்றத் தொடங்கிவிட்டால் சுருளே எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நிற்கிற மோட்டாரிடம் அந்தத் தடுப்பு இல்லை. இது அவருக்குப் புதிதில்லை. தோட்டத்து இண்டக்‌ஷன் மோட்டாரை லைனில் நேராகப் போட்டால் கிளம்பும்போது ஆறு மடங்கு வரை இழுக்கும். அதை மூன்றில் ஒரு பங்காக்கத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். "ஓடறதுக்கு ஒண்ணுமில்ல, கெளம்பறதுக்குத்தான் எல்லாச் செலவும்" என்று அப்ரெண்டிஸ் பையன்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்த விஷயம்.

மார்ச் 25

பெட்டியைத் திறக்கவில்லை. யாரிடமும் பேசவுமில்லை.

ஏப்ரல் 2

பின்னுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் வேலை பார்க்கும் டிரைவர் போர்டு கூரியரில் வந்தது. எல்298என். நடுவில் கறுப்பு ஹீட்சிங்க், ஓரங்களில் எட்டு டயோடுகள். டயோடு எதற்கென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுருளில் ஓடும் கரண்டைச் சட்டென்று வெட்டினால் அது நிற்காது, வோல்டேஜை ஏற்றிக்கொண்டு வழி தேடும். டயோடு அதற்கொரு சுற்றுவழி. வழி விடாவிட்டால் சிப் போய்விடும். கான்டாக்டர் முனைகள் பொறி தெறித்துக் கருகுவதை வருஷக்கணக்கில் பார்த்தவர்.

அவரைக் கடுப்பேற்றியது ஹீட்சிங்க்தான். நான்கு ஏஏ பேட்டரி, 6 வோல்ட். மோட்டார் முனையில் அளந்தால் நாலே சொச்சம். மீதி சிப்புக்குள்ளேயே சூடாகிப் போகிறது. அது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் வகை. மாஸ்ஃபெட் வைத்த டிபி6612எஃப்என்ஜி என்றால் இந்த இழப்பு மிகக் குறைவு என்றாள் மகள். "அப்பறம் எதுக்கு இதை விக்கறாங்க?" என்று போனில் சத்தம் போட்டார். அவள் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 3

பாதி சுற்றி நின்ற ஸ்டேட்டரை அதன் சொந்தக்காரர் வந்து எடுத்துப்போனார், வேறு கடைக்கு. காசு திருப்பிக் கேட்கவில்லை.

ஏப்ரல் 6

ஒரே 9 வோல்ட் பேட்டரியில் போர்டையும் மோட்டாரையும் சேர்த்துப் போட்டிருந்தார். புரோகிராம் சொல்வது எளிது: விளக்கு மூன்று முறை சிமிட்ட வேண்டும், பிறகு மோட்டார் ஓட வேண்டும். விளக்கு சிமிட்டியது. மோட்டார் ஒரு துடிப்புத் துடித்து நின்றது. மறுபடி விளக்கு, முதலிலிருந்து. மறுபடி துடிப்பு. மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை இதுவே நடந்தது.

காரணம் ராத்திரிதான் தெரிந்தது. அந்தப் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். மோட்டார் கிளம்பும் இழுப்பில் வோல்டேஜ் சரிந்து சிப்புக்கும் பற்றாமல் போகிறது. ஊனோவில் அது 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். எங்கே விட்டோம் என்ற நினைவு அதற்கு இருக்காது. முதல் வரியிலிருந்து தொடங்கும். பழுதில்லை, பாதுகாப்புக்கென்றே வைத்த ஏற்பாடு.

மோட்டாருக்குத் தனிப் பேட்டரி, போர்டுக்குத் தனி. கிரவுண்டு மட்டும் இரண்டுக்கும் பொது. ஓடியது. மனைவியை எழுப்பிக் காட்டினார்.

ஏப்ரல் 14

சித்திரைக் கனிக்கு மகள் வந்திருந்தாள். வேகத்தைக் குறைப்பது எப்படி என்று காட்டினாள். வோல்டேஜைக் குறைப்பதில்லை, நொடிக்கு 490 முறை போட்டு அணைப்பது. 5, 6 எண் பின்களில் 980 முறை. 0 முதல் 255 வரை எண் கொடுத்தால் போட்டிருக்கும் நேரம் கூடிக் குறையும். 60 கொடுத்தார். மோட்டார் கீச்சென்று முனகியது, நகரவில்லை. விரலால் தள்ளிவிட்டதும் அதே 60-இல் ஓடியது. "மொதல்ல 255 குடுத்து ஒரு உதை, உடனே 60-க்கு எறக்கிரு" என்றார். அவள் எழுதினாள். கிளம்பியது.

"நாளைக்கு பிசியோவுக்குப் போலாங்களாப்பா?"

"பாப்போம்."

ஏப்ரல் 15

பிரஷ் பொறியால் வரும் இரைச்சலை அடக்க, மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர். 0.1 மைக்ரோஃபாரட். இடது கையில் சால்டரிங் அயர்ன். வலது கை பிளையரால் கெப்பாசிட்டரின் காலைப் பிடித்திருந்தது. ஈயம் இறுகும்வரை விடவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 27

இரண்டு மோட்டாரையும் ஒரு பலகையில் மாட்டியாயிற்று. இரண்டுக்கும் 150 கொடுத்தால் வண்டி வலது பக்கமே வளைந்து போய்ச் சுவரில் முட்டுகிறது. ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே எண், ஆனாலும் வலது சக்கரம் மந்தம். என்கோடர் வைத்துச் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிப் பார்த்துத் திருத்தினால்தான் நேராகப் போகும் என்கிறாள் மகள். அவர் ஒப்பவில்லை. வலதுக்கு 163 வைத்தார். திண்ணை நீளத்துக்கு நேராகப் போனது. சாயங்காலம் பேட்டரி இறங்கியதும் அதே 163 பொய்த்தது. 168 என்று மாற்றி வைத்திருக்கிறார். கடையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டுப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தோட்டக்காரர் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்.