விற்ற பிறகும் சொல்ல வேண்டியது

முத்துப்பேட்டை, நவம்பர் 16

கஜா கரையேறிய நாள். 2018இல் நள்ளிரவு தாண்டி வந்த அந்தப் புயலில் சாய்ந்த தென்னைகளைப் பற்றி இந்த ஊரில் இன்றும் பேச்சு ஓயவில்லை. நான் எழுத நினைப்பது தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பற்றி. 2015 டிசம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அவற்றில் பலவற்றைக் காப்பீட்டு நிறுவனங்கள் தேறாது என்று தள்ளிவிட, அவை ஏலத்தில் போய், உலர்ந்து, மெருகேறி வேறு ஊர்களில் மறுபடி விலைக்கு வந்தன. தண்ணீரில் நின்ற காரின் தீங்கு உடனே தெரிவதில்லை. கார்பெட்டை மாற்றிச் சீட்டைக் கழுவிவிட்டால் வண்டி புதிதுபோல இருக்கும். வயரிங் இணைப்புகளிலும் சென்சார்களிலும் பச்சை பூப்பது பிறகுதான். உப்பு கலந்த தண்ணீரென்றால் இன்னும் சீக்கிரம். வாங்கியவருக்குக் கோளாறு தெரியவரும்போது விற்றவர் பணத்தைச் செலவழித்திருப்பார். அதனால்தான் பழைய கார் விற்பனையில் நேர்மை என்பது கை குலுக்கும் நேரத்தோடு முடிகிற காரியமல்ல என்கிறேன். பணம் கைமாறும்போது வண்டி போகிறது, சாவி போகிறது, ஆர்.சி. புத்தகம் போகிறது. அந்த வண்டி எங்கே நின்றது, எதில் மோதியது என்கிற அறிவு மட்டும் விற்றவரிடமே தங்கிவிடுகிறது. யாரிடம் அறிவு இருக்கிறதோ அவரிடம் கடமையும் இருக்கிறது.

நவம்பர் 18

இதற்கு முதல் மறுப்பு: "பார்த்துத்தானே வாங்கினார், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தாரே, விலையும் குறைத்துத்தானே கொடுத்தேன்." இந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் ஓரளவு ஆதரவும் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறுமனே வாய்மூடி இருப்பது மோசடி ஆகாது என்கிறது. அதற்கு உதாரணமாக ஒரு குதிரையைக் காட்டுகிறது: ஏலத்தில் விற்கிறவருக்குக் குதிரை நோஞ்சான் என்று தெரியும், அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது மோசடி அல்ல. ஆனால் அந்த உதாரணத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அடுத்ததைப் படிப்பதில்லை. வாங்குகிறவள் விற்பவரின் சொந்த மகள், இப்போதுதான் வயது வந்தவள் என்றால், அந்த உறவே பேசியாக வேண்டிய கடமையை உண்டாக்கிவிடுகிறது என்று அதே பிரிவு சொல்கிறது. நம்பிக்கை இருக்கும் இடத்தில் மௌனம் பொய்யாகும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. முத்துப்பேட்டை மாதிரி ஊரில் காரை வாங்குகிறவர் யார்? மச்சானுக்குத் தெரிந்தவர், அடுத்த தெருக்காரர், பள்ளிவாசலிலோ கோயில் திருவிழாவிலோ தினம் முகம் பார்க்கிறவர். அவர் பாதி வண்டியைப் பார்த்து வாங்குகிறார், பாதி ஆளைப் பார்த்து வாங்குகிறார். ஏலக் குதிரையின் விதி அவருக்குப் பொருந்தாது. மறைப்பதற்காக ஒரு செயலைச் செய்துவிட்டால், உதாரணமாக ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வயரைக் கழற்றிவிட்டால், சட்டத்துக்கே அது மோசடிதான்.

இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த இன்னொரு சான்றும் உண்டு. மதீனாவின் சந்தையில் நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார், விரலில் ஈரம் பட்டது, மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா, மக்கள் பார்க்கும்படி, என்பதே நபிகளின் கேள்வி என்று ஹதீஸ் சொல்கிறது. மழை பெய்தது வணிகரின் குற்றமல்ல. உள்ளே தள்ளி மூடியதுதான் குற்றம். நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக மல்லுக்கு நிற்கிற டெல்டா விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இஸ்லாமிய வணிக நெறி இதற்கு மேலும் போகிறது: விற்கும் முன்பே பொருளில் இருந்த குறை பிறகு வெளிப்பட்டால், விற்றவருக்கே அது தெரியாதிருந்தாலும், வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம்.

நவம்பர் 21

விற்றபோது தெரியாத ஒன்று பிறகு தெரியவந்தால் என்ன செய்வது? எனக்கு இதுவே முக்கியமான கேள்வி. இதற்கு டகாட்டா ஏர்பேக் விவகாரத்தைவிட நல்ல சான்று கிடையாது. ஜப்பானிய நிறுவனமான டகாட்டா செய்த ஏர்பேக்குகளில், காற்றை நிரப்பும் உலோகக் குப்பிக்குள் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. பல வருடம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் இருந்தால் அது கெட்டுப்போய், விபத்து நேரத்தில் குப்பியே வெடித்து, உயிரைக் காக்க வேண்டிய பையிலிருந்து உலோகத் துண்டுகள் பறக்கும். மலேசியாவில் பழைய ஹோண்டா சிட்டி கார்களில் இதனால் உயிர்கள் போயின. இந்தியாவிலும் சிட்டி, ஜாஸ், சிவிக் உள்ளிட்ட கார்களை ஹோண்டா திரும்ப அழைத்து இலவசமாகப் பாகத்தை மாற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரமும் கெடுக்கும் பொருள் என்றால், கடலும் அலையாத்திக் காடும் சூழ்ந்த இந்த ஊரின் காற்றை நினைத்துப் பாருங்கள்.

அந்த அழைப்பு யாருக்கு வரும்? நிறுவனத்தின் பதிவில் இருக்கும் பெயருக்கும் போன் எண்ணுக்கும். பல நேரம் அது வண்டியை எப்போதோ விற்றுவிட்டவரின் எண். "நமக்கென்ன, வண்டி நம்மிடம் இல்லையே" என்று அவர் அந்தக் குறுஞ்செய்தியை அழித்தால், ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொள்கிறார். இங்கே மோசடி ஏதுமில்லை, லாபமும் இல்லை. ஆனாலும் இந்த மௌனம் மன்னிக்கத்தக்கது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாங்கியவருக்குப் போன் செய்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார், சண்டை வரும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. கேட்கலாம். விற்றபோதே தெரிந்து மறைத்த குறை என்றால் அவர் கேட்பதில் தவறில்லை, ஒரு பங்கையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிறகு தெரியவந்தது என்றால், சொன்னதற்காக யாரும் கடன்காரர் ஆவதில்லை. பாகத்தை மாற்றுவது நிறுவனத்தின் செலவு. வாங்கியவர் அதற்குள் வேறொருவருக்கு விற்றிருந்தால், அந்த எண்ணைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு போன் அதிகம், அவ்வளவே.

சொல்லாமல் ஒதுங்குகிறவர் தனக்கே குழி பறிப்பதும் உண்டு. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து போட்டு புரோக்கரிடம் கொடுத்தாயிற்று, இனி நம் தலைவலி இல்லை என்றிருப்பவர்கள் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கைப் பார்க்க வேண்டும். 2007இல் விற்ற கார், கை மாறி மாறிப் போய், 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்தால் அரசுப் பதிவு சரியாகும். காரைத் தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் பழைய எண்ணே கிடக்கும். ஆகவே அடுத்த குறுஞ்செய்தி வரும்போது வாங்கியவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு அவருடைய எண்ணை நிறுவனத்திடமும் கொடுத்துவிட வேண்டும்.