'இது எவ்ளோ சீக்கிரம் நிக்கும்?' - ஆம்பூரிலிருந்து ரேஸ் டிராக்குக்குப் போன எங்கள் கார்

ஸ்போர்ட்டியான ஒரு காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினால், ஊர் கேட்கும் கேள்விகள் மூன்று. எவ்வளவு ஆச்சு? மைலேஜ் எவ்வளவு கொடுக்குது? அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகும்? எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோதும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அண்ணனின் நண்பர்கள் என எல்லோரும் இதே வரிசையில்தான் கேட்டார்கள். அம்மா மட்டும் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டார். "இது எவ்ளோ சீக்கிரம் நிக்கும்?"

அம்மாவுக்கு அப்படிக் கேட்கக் காரணம் உண்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், அப்பர் தைக்கும் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை வேறு, ஊர் வேறு என்று பிரிக்க முடியாது. காலையில் கம்பெனி வேன் பிடிக்க, மாலையில் வீடு திரும்ப, பெண்கள் கூட்டம் கூட்டமாக அந்த ரோட்டை ஒட்டித்தான் நடப்பார்கள். அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்த ஒரு அக்காவை, ஷிஃப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கும்போது ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்த அக்கா உயிர் பிழைத்தார். ஆனால், தையல் மிஷின் பெடலை அழுத்தும் கால் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவே இல்லை.

எங்கள் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹூண்டாய் ஐ20 என்-லைன். 2021-ல் அறிமுகமான மாடல். 1 லிட்டர் டர்போ இன்ஜின், 120 குதிரைத் திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடில். ஆர்.சி அண்ணன் பெயரில். மாதத் தவணையில் மூன்றில் ஒரு பங்கு என் சம்பளத்தில். அண்ணன் தோல் ஷாப்பில் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்க்கிறான். வாரம் ஆறு நாள் டிரம் சத்தத்துக்கும் கெமிக்கல் வாடைக்கும் நடுவில் நிற்பவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணி மட்டும் சொந்தம். காரை எடுத்துக்கொண்டு வாணியம்பாடி வரை போய் வருவான். "அந்த நேரத்துல ரோடு காலி" என்பான்.

காலி என்று அவன் சொன்ன நேரத்தில்தான் பால்காரர் வண்டியை எடுக்கிறார், பூ மூட்டை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது. அம்மா அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார். கோயிலுக்குப் போனாலும் ஷேர் ஆட்டோதான். மூன்று மாதம் வீட்டில் இதே பஞ்சாயத்து.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முன்பான பயிற்சியில், நடிகர் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோ நினைவிருக்கிறதா? நானும் டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் காயமில்லாமல் இறங்கி வந்தார். சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடமும் பிடித்தது. எல்லோரும் வேகத்தைப் பற்றியும் தைரியத்தைப் பற்றியும் எழுதினோம். எனக்கு உறைத்தது வேறு விஷயம். அந்த மோதலில் எதிரே டிபன் பாக்ஸோடு யாரும் நடந்து வரவில்லை. ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் கூண்டு, தலையில் ஹெல்மெட், உடம்பைக் கட்டிய பெல்ட், ஓரத்தில் மோதலைத் தாங்கும் தடுப்பு, கொடியோடு ஆட்கள், தயாராக ஆம்புலன்ஸ். அவ்வளவு ஏற்பாட்டுக்கு நடுவில்தான் அந்த வேகம் அனுமதிக்கப்படுகிறது.

அப்படி ஓர் இடம் எங்களுக்கு 150 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் இதே நெடுஞ்சாலையில். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் 1990-ல் திறக்கப்பட்டது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். முழுச் சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்பு தமிழ்நாட்டின் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் கார்கள் சீறின. கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து, 'ஃபார்முலா மாருதி' என்று குறைந்த செலவில் ஓட்ட வழி காட்டினார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் கார் உருவான ஹூண்டாய் தொழிற்சாலை இருப்பதும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். பந்தய டயருக்குப் பெயர்போன எம்.ஆர்.எஃப்-புக்கு எங்கள் பக்கத்து அரக்கோணத்தில் தொழிற்சாலை இருக்கிறது. கார், டயர், டிராக் எல்லாமே இந்த ஒரு பகுதிக்குள் இருக்க, வேகத்தை மட்டும் பால்காரர் போகும் ரோட்டில் தேடிக்கொண்டிருந்தோம்.

டிராக் டே என்று ஒன்று உண்டு. பந்தயம் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுவந்து, கட்டணம் கட்டி, குழு குழுவாக 15, 20 நிமிடம் ஓட்டலாம். அண்ணனிடம் சொன்னேன். அவன் உடனே ஒரு லிஸ்ட் போட்டான். இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ரீமேப், சத்தமான எக்ஸாஸ்ட், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், அகலமான அலாய் வீல், சீட்டுக்கு ஆம்பூர் அசல் தோல். "ரெக்ஸின்ல உக்காந்துக்கிட்டு நான் எப்படி தோல்காரன்னு சொல்லிக்கறது?" என்பது அவன் மானப் பிரச்னை.

செய்திக்காகப் படித்தது இங்கே கைகொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரோட்டில் அனுமதியில்லாமல் பந்தயம், வேகச் சோதனை என்று இறங்கினால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரீமேப் செய்தால் இன்ஜின் வாரன்டிக்குச் சிக்கல். லிஸ்ட்டை மடித்து டேஷ்போர்டில் வைத்தான். "முதல்ல கம்பெனி வண்டியாவே ஓட்டிப் பாக்கலாம்" என்று ஒப்புக்கொண்டான்.

அம்மாவுக்குத்தான் புரியவில்லை. "வண்டி ஓட்டறதுக்குக் காசு கட்டிட்டுப் போறீங்களா? இன்னாடா கணக்கு இது?"

ஒரு குளிர்கால ஞாயிறு அதிகாலையில் கிளம்பி, பள்ளிகொண்டா டோல்கேட், வேலூர், வாலாஜா எல்லாம் ஒழுங்கான வேகத்தில் கடந்து போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனதும் காருக்குள் இருந்த தண்ணீர் பாட்டில், குடை, சாமி படம், மிதியடி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்கள். பிரேக், டயர், பெல்ட் சோதனை. ஹெல்மெட், முழுக்கை, மூடிய ஷூ கட்டாயம். எது நடந்தாலும் பொறுப்பு நானே என்று கையெழுத்து. சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனைக்கு இழப்பீடு கிடையாது என்று தெளிவாகவே போட்டிருக்கும். எனவே அந்தக் கையெழுத்தைப் போடும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

பிறகு வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்ப வேண்டும். முந்துவது நேர்ப் பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு. ரேஸ் டிராக்கில் இருக்கும் இந்த ஒழுங்கில் பாதி எங்கள் பைபாஸில் இருந்தால் போதும் என்று தோன்றியது.

முதல் சுற்றுகளில் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வேகமாகப் போவது எப்படி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் வைத்திருந்த ஆரஞ்சு கோனைக் காட்டி, "இங்க பிரேக், நேரா இருக்கும்போதே பிரேக், அப்புறம் திருப்புங்க" என்பதுதான் திரும்பத் திரும்ப. நேர்ப் பாதையில் அண்ணன் 140-ஐத் தொட்டான். கோன் வந்ததும் பெடலை ஓங்கி மிதித்து 70-க்கு இறக்கினான். அதுபோல எத்தனையோ முறை. ஆறாவது சுற்றில் அவன் முகம் மாறியது. பெடல் முன்பைவிட ஆழமாக, பஞ்சு மாதிரி இறங்கியது. பயிற்சியாளர் அமைதியாக, "போதும், மெதுவா ஒரு சுற்று சுத்தி ஆற விடுங்க" என்றார்.

வண்டியில் கோளாறு இல்லை, கணக்கு அப்படி. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியில் இருக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆட்களோடு சேர்த்து சுமார் 1,200 கிலோ காரை 140-லிருந்து 70-க்கு இறக்கும் ஒவ்வொரு முறையும், 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு பிறக்கிறது. அது அத்தனையும் பெரும்பாலும் பிரேக் டிஸ்க்கில்தான் இறங்குகிறது. ஆற நேரம் கொடுக்காவிட்டால் பேட் பிடிமானம் இழக்கும். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட்-4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். காலால் மிதிப்பது சக்கரத்துக்குப் போகாமல் ஆவியை நசுக்குவதிலேயே வீணாகும்.

காரை நிழலில் நிறுத்திவிட்டு அண்ணன் போனில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் ஒரு பக்கத்து மூன்று லேன் பத்து மீட்டருக்கு மேல். நடந்து கடக்க எட்டு, ஒன்பது நொடி. அந்த நேரத்துக்குள் 140-ல் வரும் கார் 300 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது, அம்மாவின் தோழி காலை எடுத்து வைத்தபோது அந்தக் கார் வெறும் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். 'பாத்துக் கடந்திருக்கலாமே' என்று அன்று ஊரே சொன்னது. பார்த்துத்தான் கடந்திருப்பார்.

அடுத்த குழுவில் நான் ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்குக் கேட்டது. வேகம் ஏறும்போது பயம் இல்லை, சரியான இடத்தில் இறக்க வேண்டுமே என்பதில்தான் பயம். நான்காவது சுற்றில் ஒரு வளைவு சரியாக அமைந்தது. கோனில் பிரேக், திருப்பம், வெளியே வந்ததும் ஆக்ஸிலேட்டர். டயர் கத்தவில்லை, உடம்பு அலையவில்லை. அந்த ஒரு வளைவுக்கான சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. வேகம் பிடிக்கும் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எங்கள் ஊரில் இடமில்லை. அங்கே ஹெல்மெட் போட்ட பிறகு யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

திரும்பியதும் அண்ணனின் லிஸ்ட் தலைகீழானது. ரீமேப், எக்ஸாஸ்ட், ஸ்பிரிங் எல்லாம் அடிபட்டன. புது பிரேக் ஆயில், நல்ல பேட், நல்ல டயர், காற்றழுத்தம் பார்க்க ஒரு மீட்டர் என்று எழுதினான். காலையில் குளிர்ந்த டயரில் 33 வைத்த காற்று, ஓட்டி முடித்ததும் 40-ஐத் தொட்டிருந்ததைப் பார்த்த பிறகு அந்த மீட்டர் அவனுக்கு நகை மாதிரி. சீட்டுக்குத் தோல் போடும் ஆசையையும் விட்டான். வழவழப்பான தோலில் உட்கார்ந்தால் வளைவில் உடம்பு வழுக்கும் என்பது அவனுக்கே புரிந்துவிட்டது. வியர்த்த கையில் ஸ்டீயரிங்கும் அப்படித்தான். அதற்கு மட்டும் ஸ்வேட் வாங்கி, கையால் தைத்துச் சுற்றினோம். தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து எடுக்கும் சொரசொரப்பு. கை நழுவாது. தைத்தது அம்மா. ஷூ அப்பர் தைத்த விரலுக்கு ஸ்டீயரிங் ஒரு பெரிய வேலை இல்லை என்றார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். டிராக் கட்டணம் மட்டும் இல்லை. பெட்ரோல் கண்ணெதிரே குறையும், பேடும் டயரும் மாதக் கணக்கில் தேய்வது ஒரு காலையில் தேயும். மாதச் சம்பளக்காரர்களுக்கு வருடத்தில் ஒன்று, இரண்டு தடவைக்கு மேல் தாங்காது. எங்களுக்கும் அவ்வளவுதான். ஆனால், அண்ணனின் ஞாயிறு விடிகாலை வாணியம்பாடிப் பயணம் நின்றுவிட்டது. யாரும் சொல்லி நிறுத்தவில்லை. "அங்க ஓட்டினதுக்கு அப்புறம் இங்க ஓட்டினா கை வரல" என்கிறான்.

அம்மா இப்போது காரில் ஏறுகிறார். முதல் தடவை ஏறியபோது, டிராக்கில் கற்றதை எல்லாம் அண்ணன் பெருமையாக விளக்கினான். முழுவதும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் கத்துக்கிட்டீங்க, சரி. மத்தவங்க எல்லாம் எங்க போய்க் கத்துக்கறது?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மாலை ஐந்தரைக்கு ஷூ கம்பெனிகள் விடும் நேரத்தில் அந்த வழியாக வந்தால், அண்ணன் 40-க்கு இறங்கி ஹசார்ட் விளக்கைப் போடுகிறான். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அதற்குள் நாலு பேர் ரோட்டைக் கடந்துவிடுகிறார்கள்.