தேர்வு மாறும் அரை நொடி

சிங்கப்பூரில் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் வீட்டு விலையில் வந்து நிற்கும். வாய்ப்பேச்சோடு விடவும் வேண்டியதில்லை. 1990 முதல் நடந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு மறுவிற்பனைகள் வட்டாரம், தெரு, புளோக், விலை என்று அரசாங்கத் தரவுத்தளத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. அதை வைத்து ஓய்வு நேரத்தில் நானும் ஒரு வரைபடம் செய்தேன். பட்டியலில் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தால் நான்கறை வீட்டு விலை கோடாக ஓடும்.

கோடு போடுவது பெரிய வேலை இல்லை. பார்ப்பவர் தோ பாயோவை விட்டு உட்லண்ட்ஸுக்குத் தாவும் அந்த அரை நொடியில்தான் வில்லங்கம். பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிதாய் வரைவது சோம்பேறி வழி. திரை ஒருமுறை வெளுத்துப் போகும். எங்கே இருந்தது, எங்கே போனது என்று பார்க்கத்தானே அவர் தேர்வை மாற்றினார்? அதுவே கண்ணுக்குத் தப்பிவிடும். 2011இல் வந்த டி3 என்ற வரைபட நிரலகம் இதை வேறு மாதிரி கையாள்கிறது. வந்த தரவைத் திரையில் இருக்கும் புள்ளிகளோடு அடையாளம் வைத்துப் பொருத்த வழி தருகிறது. புதியது நுழையும், இருப்பது இடம் மாறும், இல்லாதது வெளியேறும்.

அந்த வெளியேற்றம் முக்கியம். பொங்கோல் புதுநகரத் திட்டம் அறிவிக்கப்பட்டதே 1996இல்தான். வேறு வட்டாரத்திலிருந்து அங்கே தாவும்போது, முந்தைய வட்டாரத்தின் தொண்ணூறுகளின் புள்ளிகளை நீக்காமல் பூச்சியத்தில் தள்ளினால், பொங்கோலில் ஒரு காலத்தில் வீடு சும்மா கொடுத்தார்கள் என்றாகிவிடும்!

செங்குத்து அச்சு இதைவிடக் கள்ளத்தனமானது. கண்டுகொள்ளாமல் விட்டால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அது தன்னைத்தானே நீட்டிச் சுருக்கிக்கொள்ளும். மலிவான வட்டாரமும் விலை கூடியதும் ஒரே உயரத்தில் நிற்கும். எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவாக ஒரே அளவை நிறுத்திவைப்பதே என் கட்சி. கோடு கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அவசரக்காரர்கள் தோ பாயோவை அழுத்தி, சேவையகத்தின் பதில் வருவதற்குள் உட்லண்ட்ஸை அழுத்துவார்கள். உட்லண்ட்ஸ் பதில் முதலில் வந்து, தோ பாயோ பதில் ஆடி அசைந்து பின்னால் வந்தால், தலைப்பு ஓர் ஊர், கோடு வேறோர் ஊர். பிழைச் செய்தி எதுவும் எழாது. கடைசியாகக் கேட்டதற்கு வந்த பதிலா என்று பார்த்து, இல்லையென்றால் தூக்கிப் போட நிரலில் இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியைப் பலரும் எழுதுவதில்லை.

தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டில் குடியிருக்கும் அக்கா ஒருவரிடம் இதைக் காட்டினேன். வீவக கணக்கில் அவர் தெரு ‘மத்திய வட்டார’த்தில் வருகிறது. அதை அழுத்தியதும், "ஏன் தம்பி, நம்ம வீடு இவ்வளவு போகுமா?" என்று முகம் மலர்ந்தார். கண்டோன்மென்ட் ரோட்டில் 50 மாடி உயர்ந்து நிற்கும், மில்லியன் வெள்ளிக்கு மேல் வீடுகள் கைமாறியிருக்கும் பினக்கிள் அட் டக்ஸ்டனும் அதே வட்டாரத்தில்தான் சேர்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. தெருவைத் தேர்ந்தெடுக்க இன்னொரு பட்டியல் சேர்த்தேன். பக்கத்தில் எத்தனை விற்பனை என்ற எண்ணும் கூடவே மாறும்படி செய்தேன்.

ஒரு தெருவில் மாதா மாதமா வீடு விற்கும்? கோடு அங்கங்கே அறுந்து நின்றது. சொன்னால் நிரலகம் அந்த இடைவெளியை நேர்கோட்டால் ஒட்டிக் கொடுத்துவிடும். நான் ஒட்டவில்லை. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. படம் பழுது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.