வரவு இடாப்பில் இல்லாத ஸ்டேசன்



கொஞ்சம் நீளமான பதிவு. கோச்சியில் போகாதவர்களும் வாசியுங்கள்.

போன கிழமை ஒரு தேத்தண்ணிக் கடையில் கதை வந்தது. "அந்தச் சின்னச் சின்ன இடங்களில் எதுக்குக் கோச்சி நிக்கணும்? டிக்கட் வருமானம் பூச்சியம்" என்றார் ஒருவர். கெட்ட மனிசன் இல்லை. ஆனால் இப்படியான கதைதான் வாய்க்கு வாய் போய், ஒரு நாள் யாரோ ஒருவரின் பைலுக்குள் ஏறிக் குந்திக்கொள்ளும்.

எங்கட பாதை தெரியும்தானே. வெலிக்கந்தை தாண்டினால் புணானை, வாழைச்சேனை, கல்குடா, தேவபுரம், ஏறாவூர், பிறகு மட்டக்களப்பு. அதோடு தண்டவாளம் முடிஞ்சுது. (அட்டாளைச்சேனைக் கலாசாலையில் படித்த காலத்தில், நான் மட்டக்களப்பு வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து கோச்சி பிடித்து வீட்டுக்குப் போவேன் என்பது பொத்துவில் பக்கத்து நண்பர்களுக்குப் பெரிய புதினம்.) பெரிய ஸ்டேசனில் மாஸ்டர் இருக்கிறார், ஜன்னல் திறக்கிறது, டிக்கட் வருகிறது. நான் சொல்வது ஆளே இல்லாத ஒரு தரிப்பிடத்தைப் பற்றி. பெயர் தேவையில்லை, ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியும். மூன்று மொழியில் ஒரு பெயர்ப்பலகை, ஒரு கூரை, ஒரு வாங்கு. பகலில் ஆடுகள் படுக்கும்.

அங்கே டிக்கட் விற்க ஆள் இல்லை. ஏறுகிறவர் ஓடுகிற கோச்சியில் கார்டைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்குகிற இடத்தில் சொல்லிக் காசு கட்ட வேண்டும். கைப்பிள்ளையோடு ஏறும் ஒரு தாய் எத்தனை பெட்டி தாண்டிக் கார்டைத் தேடுவார்? ஆக, ஜன்னல் இல்லாததால் டிக்கட் விற்பதில்லை. டிக்கட் விற்காததால் கணக்கில் பயணி இல்லை. பயணி இல்லாத இடத்தில் எதுக்குக் கோச்சி என்று கேள்வி.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். பிள்ளை வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறது, வரவு இடாப்பில் அடையாளம் போடவில்லை. வருட முடிவில் இடாப்பைப் பார்க்கிறவருக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவே இல்லை.

உண்மையில் யார் வருகிறார்கள்? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகும் வயசாளிகள். பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவர்களின் முழங்கால் விடாது. ஏ.எல். டியூசன் பிள்ளைகள். மீன் பெட்டியோடு இரண்டு பேர். எங்கட ஆட்களும் தமிழ் ஆட்களும் ஒரே வாங்கில், ஓரமாக ஆடு. 2022ஐ இதற்குள் மறந்துவிட்டோமா? பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, வாழ்க்கையில் கோச்சி ஏறாதவர்கள் எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான் வந்து நின்றார்கள். எண்ணெய் வந்ததும் மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார்கள். கிளினிக் ஆட்கள் மட்டும் அங்கேயே நிற்கிறார்கள்.

ஆள் இல்லாததால் வரும் மற்றக் கஷ்டம் செய்தி. 2025 பெப்ரவரி 20 அதிகாலை கல்ஓயாப் பக்கம் மீனகயா யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. பெரிய ஸ்டேசனில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் இருப்பார். இங்கே யாரிடம் கேட்பது, ஆட்டிடமா? அன்றைக்கு எல்லோருக்கும் சொன்னது பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்காதான். அவரின் மருமகன் பொலன்னறுவைப் பக்கம் ஓட்டோ ஓடுகிறார், போனில் சொல்லிவிடுவார். "சேர், இண்டைக்கு நம்பி நிக்காதீங்க, பஸ்ஸைப் பாருங்க" என்றார் என்னிடம். சாதாரண நாளிலும் "வெலிக்கந்தை தாண்டிட்டாம்" என்று அவர் குரல் கொடுத்தால்தான் சனம் எழும்பும். அவருக்குச் சம்பளம் இல்லை. இரண்டு வடை கூட விற்கும், அவ்வளவுதான். கடையைப் பூட்டி அவர் ஒரு கலியாணத்துக்குப் போனால் எங்கட ஸ்டேசனுக்கு அன்றைக்கு லீவு.

மாஸ்டர் ஒருவரைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது நடக்கிற காரியம் இல்லை. எங்களால் முடிந்தது இரண்டு. ஒன்று, காசைக் கட்டுங்கள். "ஆள் இல்லாத ஸ்டேசன்தானே" என்று சும்மா இறங்கி நடப்பது சில இளசுகளுக்குக் கெட்டித்தனமாகத் தெரிகிறது. தம்பிமார், அது வாப்பாமாரின் கிளினிக் பயணத்தை அழிக்கிற வேலை. ஏறும் இடத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கட்டுங்கள்.

இரண்டாவது, அக்காவின் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். திகதி, எந்தக் கோச்சி, எத்தனை பேர், எங்கே போகிறீர்கள். பெயர் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். மூன்று மாதம் நிரம்பியதும் பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து, கொப்பியின் பிரதியையும் சேர்த்துக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். இரண்டு தரப்பும் சரி என்றுவிட்டார்கள்.

பேனையை மட்டும் யாரும் கொண்டுபோய்விடாதீர்கள். கட்டியிருந்த நூலோடு போய்விட்டது. இது மூன்றாவது பேனை.