தோணி கழுவும் வகுப்பு

நம் செய்தித்தாள்களில் மசாஜ் சென்டர் என்று வந்தால் அது பெரும்பாலும் குற்றச் செய்திப் பக்கம்தான். போலீஸ் சோதனை, உரிமையாளர் கைது, ‘இளம்பெண்கள் மீட்பு’, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்ட ஒரு படம். அப்படி ஒரு செய்தியைப் படித்த அன்றைக்கு நாகர்கோவிலில் இருக்கும் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சித்த மருத்துவர். இதையே முறையாகப் படித்துவிட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இந்தச் செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். “அத ஏன் எங்கிட்ட கேக்குதீரு? அக்காவப் போய்ப் பாரும்” என்று ஒரு முகவரி கொடுத்தார்.

நெய்யாற்றின்கரையைத் தாண்டி, ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட ஒரு பழைய வீடு. அதுதான் பயிற்சி நிலையம். படிப்பவர்களில் பாதிப்பேர் மலையாளப் பெண்கள். மீதிப்பேர் குமரி மாவட்டத்திலிருந்து அதிகாலை பஸ் பிடித்து வருகிறவர்கள். பாடம் இரு மொழியிலும் மாறி மாறி ஓடுகிறது. அக்கா விளவங்கோட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வைத்தியர் வந்து தத்துவப் பாடம் எடுத்துவிட்டுப் போவார். கைவேலை முழுக்க அக்காதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் தோணி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணெய்த் தோணியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும் மரப் பலகை. நான்கு ஓரமும் உயர்ந்து, நடுவில் லேசாகக் குழிந்து, பார்த்தால் வள்ளத்தைச் சீவித் தட்டையாக்கிக் கால் வைத்த மாதிரி. தலைமாட்டில் தனியாக ஒரு குழி, தலையில் ஊற்றும் எண்ணெய் உடம்புப் பக்கம் இறங்காமலிருக்க. ஓரத்தைச் சுற்றி வாய்க்கால், கால்மாட்டில் துளை, துளைக்குக் கீழே பாத்திரம். எண்ணெயில் நனைத்த துணியை உடம்பின் மேல் பிழியும் பிழிச்சில் சிகிச்சையின்போது லிட்டர் கணக்கில் எண்ணெய் மேலே ஓடும். வழிந்ததைப் பிடித்து, மறுபடி சூடாக்கி, மறுபடி துணியில் நனைத்துப் பிழிய வேண்டும். வேம்பு, வில்வம், தேவதாரு என்று தோணிக்கு ஆகும் மரங்களைத் தாராகல்பம் என்ற மருத்துவ நூல் பட்டியலே போடுகிறது. இங்கே இருந்தது வேம்பு. அக்காவின் கணக்கில் அதற்கு ஒரு பெண்ணின் கல்யாண வயசு.

கழுவுவது லேசான வேலை இல்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் மரம் வாய் பிளக்கும். சோப்புப் பொடி போட்டால் அந்த வாசனை மரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரும் சிறுபயற்று மாவும்தான். தேய்த்து, வழித்து, துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விட வேண்டும். துளைக்குள் ஈர்க்குச்சியில் துணி சுற்றிவிட்டுத் துருவினாள் ஒருத்தி. அக்கா அந்தத் துணியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

“மொத ரெண்டு மாசம் இதுதான் சாரே வேலை. இதிலயே கொஞ்சம் பேரு ஓடிருவாளுவ” என்றார். “எண்ணெ தரையில நிக்கப் படிக்கணும்லா? காலு வழுக்கினா கைக்குப் பெலம் எங்கேருந்து வரும்?”

கைப்பாடத்திலும் முதலில் கால்தான். கால்களை முன்னும் பின்னுமாக வைத்து, முழங்காலைத் தளர்த்தி, உடம்பின் எடையை முன்னே சாய்த்துக் கைக்கு அனுப்ப வேண்டும். கையால் அமுக்கக்கூடாது. ஏன் என்பதற்கு அக்கா தன் வலது கையை நீட்டினார். பெருவிரலின் அடிமூட்டு பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. விரலை மடக்கச் சொன்னேன், பாதியில் நின்றுவிட்டது. கோவளத்தில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு பேருக்குத் தடவிய காலத்தில் வந்தது. அன்றைக்கு யாரும் அவருக்குக் கால் வைக்கச் சொல்லித் தரவில்லை.

அவர் அப்பா வர்ம ஆசான் ஒருவரிடம் கையாளாக இருந்தவர். பனையிலிருந்து விழுந்தவர்களைக் கட்டிலில் தூக்கிவருவார்களாம். ஆசான் தடவு போடுவார், அப்பா எண்ணெய் காய்ச்சுவார், சிறுமியான இவர் கிண்ணம் பிடிப்பார். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்து முறைகளில் தொக்கணம் என்கிற இந்தத் தடவு முறையும் ஒன்று. அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். அக்கா இதைப் பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார். ஆனால் ஆசான் பெண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஓலைச்சுவடியைக் கண்ணிலும் காட்டவில்லை. பார்த்துப் பார்த்துப் படித்ததுதான். பிறகு கோவளத்தில் ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலை. வெளிநாட்டுப் பெண்கள் எண்ணெய்க் குளியல் கேட்டு வரத் தொடங்கியதும் பெண்ணுக்குப் பெண்தான் தடவ வேண்டும் என்பதால் ஆள் தேடினார்கள். துடைப்பத்தை வைத்துவிட்டு எண்ணெயை எடுத்தார். அவருடைய மொத்தக் கல்விச் சான்றிதழும் அவ்வளவுதான்.

வாத பித்த கபம், ஏழு தாது, நாடி என்று வைத்தியர் எடுத்த வகுப்பில் நானும் உட்கார்ந்தேன். எனக்குக் கண் சொருகியது, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்குள்ளேயே எப்போது தொடக்கூடாது என்று ஒரு பாடம் இருந்தது. காய்ச்சல் இருந்தால் கூடாது, சாப்பிட்ட உடனே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அந்தக் காலில் விரல் படவே கூடாது; உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். ஓடிப்போய் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். இதற்கு மட்டும் வைத்தியர் மேசையைத் தட்டி மூன்று முறை சொல்ல வைத்தார்.

கேரள அரசின் ஆயுர்வேத மருத்துவக் கல்வித் துறை நடத்தும் தெரபிஸ்ட் படிப்பு ஓராண்டு. தமிழ்நாட்டில் இந்திய மருத்துவத் துறையின் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு இரண்டரை ஆண்டு. அரசு மருத்துவமனையில் சிகிச்சை உதவியாளர் வேலைக்கு அதுதான் தகுதி. இந்தப் படிப்புகளில் இடங்கள் குறைவு. கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள்? அங்கேதான் தரகர் நிற்கிறார். ஏழு நாளில் டிப்ளமோ, பத்து நாளில் வெளிநாடு என்று சுவரொட்டி ஒட்டுகிறவர். பணம் வாங்கிக்கொண்டு லேமினேட் செய்த ஒரு காகிதம் கொடுப்பார். வேலைக்கு அனுப்பும்போது பத்தாம் வகுப்பு மூலச் சான்றிதழைப் பிடுங்கி வைத்துக்கொள்வார், முதல் மாதச் சம்பளத்தையும் சேர்த்து. ஏழு நாளில் ஒருத்தி எதைப் படிக்க முடியும்? வீங்கிய காலைப் படிப்பாளா, தன் பெருவிரலைக் காப்பாற்றப் படிப்பாளா? நட்சத்திர விடுதியில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒருமுறை பிழிச்சில் செய்தால் விருந்தாளியிடம் வாங்கும் தொகை, அக்கா சொல்வதைப் பார்த்தால், அவர்களில் ஒருத்தியின் வாரச் சம்பளத்தைத் தாண்டும். நடுவில் இருப்பவன் கையில் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படுவதில்லை. காவல்துறை கதவைத் தட்டும் நாளில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வதும் அவன் இல்லை.

முறையான இடத்தையும் முறைகேடான இடத்தையும் எப்படிப் பிரிப்பது என்பதில் நீதிமன்றமே இருவேறாகப் பேசியிருக்கிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், ஸ்பாக்களிலும் மசாஜ் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொன்னார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பைக் காட்டி மறுத்தார். அக்காவிடம் இதைச் சொன்னேன். “தோணியில படுக்கவிய உடுத்தியிருக்கது ஒத்தக் கோவணத்துணி. அதுக்கு மேல கேமராவா? அதச் சொன்னவிய ஒருநாளு வந்து படுத்துப் பாக்கட்டும்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டில் என்ன வேலைக்குப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. நர்ஸ் என்றாள் ஒருத்தி. பியூட்டிஷியன் என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் மட்டும் “அம்மைக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது” என்றாள்.

மத்தியானம் செய்முறைத் தேர்வு. அந்த அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். தட்டிக்கு வெளியே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நடந்ததைக் காதால்தான் கேட்டேன். அக்காவே தோணியில் குப்புறப் படுத்துக்கொள்வார். இருபுறமும் ஒவ்வொருத்தி நின்று, ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில், கழுத்திலிருந்து இடுப்புவரை இறங்க வேண்டும். பேசக்கூடாது, எண்ணக்கூடாது. எந்தக் கை யாருடையது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டால் இருவரும் தோல்வி. தேர்வுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

எண்ணெயின் சளசளப்பு கொஞ்ச நேரம் சீராகக் கேட்டது. பிறகு அக்காவின் குரல்: “வலத்தக் கை ஓடுது. அதப் பிடிக்க இடத்தக் கை ஓடுது. ரெண்டும் சரியில்ல. அடுத்த மாசம் பாப்போம்.”

“அக்கா, ஒண்ணாந் தேதி எனக்கு வர்க்கலையில சேரணும்” என்றது ஒரு பெண் குரல். “அங்க போய்ப் பழகிக்கிடுதேன்.”

“ஆளு மேலயா பழகப் போற?”

“அட்வான்ஸ் வாங்கியாச்சு அக்கா. அப்பா செலவழிச்சும் போட்டாவ.”