கண்ணாடியில் படிந்த மூச்சு

ஸ்காபரோவில், ஒரு மாடிக் குடியிருப்பின் பின்புறத்தில் நிற்கும் அந்தப் பிக்கப் வண்டி 1989ஆம் ஆண்டு உருவானது. கதவோரங்களை உப்பு அரித்திருக்கிறது. கனடாவிலே பனியை உருக்குவதற்காக வீதியெங்கும் உப்பைத் தூவுவார்கள். கடற்கரையோரத்து வாகனங்களுக்கு நம் நாட்டில் நேரும் கதி அங்கே கடலில்லாமலே நேர்ந்துவிடுகிறது. வண்டிக்கு உரியவர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலே ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய வாடகைக் கார்களைத் திருத்திப் பிழைத்தவர். 1990களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகிப்போன நாட்களில், சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அதன்பின் மண்ணெண்ணெயில் ஓடப்பண்ணிய கைகள் அவருடையவை. அத்தகைய ஒருவரைச் சூடாக்கியின் காற்றாடி ஒன்று ஒரு குளிர்காலம் முழுவதும் அலைக்கழித்தது.

இதில் வியப்பதற்கும் அதிகமில்லை. யாழ்ப்பாணத்துக் காரிலே சூடாக்கியை யார் தேடினார்கள்? அவர் அறிந்த எஞ்சின் உலகில் வெப்பம் வெளியேற்றப்பட வேண்டிய ஒன்றாகவே இருந்தது. அதைக் கூட்டிவந்து மனிதனின் கால்மாட்டில் விடுவதற்கு ஒரு பொறியிருக்கிறது என்பது பிறதேசத்துப் பாடம்.

தொடக்கத்தில் நோய் சிறியதாகவே தெரிந்தது. காற்றாடிக்கு நான்கு வேகங்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் முதல் மூன்று வேகங்களும் செயலற்றுப்போக, நான்காவது மட்டும் எஞ்சியது. கராச்சுக்காரர் பார்த்தவுடனே காரணம் சொன்னார். கீழ் வேகங்களுக்குச் செல்லும் மின்னோட்டம் தடையிச் சுருள்களினூடாகக் குறைக்கப்பட்டே மோட்டரை அடைகிறது. உச்ச வேகத்திலோ அது தடையியைத் தொடாமல் நேரே போய்விடும். ஆகவே தடையி எரிந்துவிட்டது என்றார். அவர் சொன்னது சரி. புதிய தடையி பூட்டப்பட்டது. மூன்று வாரத்தில் அதுவும் எரிந்தது. மறுபடியும் ஒன்று வாங்கப்பட்டது; இம்முறை அதன் பிளாஸ்ரிக் இணைப்பியும் சேர்ந்து உருகிக் கருகிப்போயிற்று. இரண்டு தடவையும் பணம் கொடுத்தவர், எரிந்தது ஏன் எரிந்தது என்று கேட்கவில்லை. அவருடைய பழைய கராச்சில் ஒரு பெடியன் அப்படிக் கேட்காமல் விட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்.

தை மாதத்தில், குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையைத் தொட்ட ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு, நான்காவது வேகமும் நின்றுபோயிற்று. அலுவலகக் கட்டடமொன்றைத் துப்புரவு செய்யும் வேலைக்கு அவர் போய்க்கொண்டிருந்தார். எஞ்சினைச் சுற்றி வரும் நீர் 90 பாகையளவிற் கொதிநிலையை நெருங்கி, முகப்புப் பலகைக்குப் பின்னாலுள்ள சிறு வெப்பமாற்றியினூடாக வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெப்பம் ஓரடி தூரத்தில் இருந்தது. அதைக் கொண்டுவரக் காற்றில்லை. அவருடைய மூச்சின் ஈரம் முன்கண்ணாடியின் உட்புறத்திற் படிந்து, படிந்த கணத்திலேயே உறைந்தது. கையுறையாற் சுரண்டினார். உள்ளங்கையகலத்துக்கு ஒரு துவாரம் தெளிந்தது. அதனூடாகப் பார்த்தே ஓட்டினார். பாதசாரிக் கடவையில் ஒரு மூதாட்டி நடந்துகொண்டிருந்ததை அந்தத் துவாரம் காட்டவில்லை. பிரேக்கை மிதித்தது அவள் கைப்பையிலிருந்த ஏதோவொன்று வெளிச்சத்தில் மின்னியதால். வண்டி வழுக்கி, ஒரு முழத்துக்கு அப்பால் நின்றது. அவள் அவரைப் பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை; நடந்து போனாள்.

அன்று மாலை வண்டியைக் குடியிருப்பின் பின்னே நிறுத்தியவர் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். ஆறு நாட்கள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையின் மகன் வந்தான். மின்பொறியியல் படிப்பவன். பொனற்றைத் திறந்து, "மாமா, ரெண்டு தரம் எரிஞ்சதெண்டால் பிழை அதில இல்லை. அதுக்கு அங்கால பாக்கோணும்" என்றான். இந்த வார்த்தை தம்முடைய வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "பிடி தம்பி லைற்றை" என்று மட்டும் சொன்னார்.

30 அம்பியர் உருகி பழுதின்றி இருந்தது. மோட்டரின் முனைகளில் மருமகன் மீற்றரை வைத்தான், 12 வோற்றுக்குச் சற்று மேலே காட்டியது, மோட்டர் அசையவில்லை. மின் வருகிறது, வேலை நடக்கவில்லை. கிழவருக்கு மீற்றரில் நம்பிக்கை குறைவு. தடித்த வயர் இரண்டை எடுத்து பற்றரியிலிருந்து நேரே கொடுத்துப் பார்த்தார். அசைவில்லை. பின்னர் ஸ்பனரின் பிடியால் மோட்டரின் முதுகில் இருமுறை தட்டினார். அது முனகிக்கொண்டு சுழன்று, நாலைந்து சுற்றில் ஓய்ந்தது. "காபன் தேய்ஞ்சு போச்சு" என்றார். தூரிகைகள் திசைமாற்றியை எட்டாத அளவுக்குக் குறுகியிருந்தன. அது இறுதி நோய். முதல் நோய் இன்னும் உள்ளே இருந்தது.

திருகாணிகளைக் கழற்றி மோட்டரை வெளியே எடுத்தபோது சில்லு முழுவதும் மேப்பிள் மரத்தின் சிறகு விதைகளும் மக்கிய இலைகளும் அடைத்துக் கிடந்தன. முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்று வாயிலால் ஆண்டாண்டாக விழுந்தவை. அவ்வண்டிக்குக் காற்றை வடிக்கும் வடிகட்டி கிடையாது. நீர் வடியும் துளையும் அடைபட்டுத் தேங்கிய ஈரம், மோட்டரின் தாங்கியைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. அச்சைக் கையாற் சுழற்றுவதே சிரமமாயிருந்தது.

எரிந்த கதை இப்போது பின்னோக்கித் தெளிந்தது. இறுகிய மோட்டர் மெல்லச் சுழலும். மெல்லச் சுழல்வதில் எதிர் மின்னியக்கவிசை குறையும். ஆகவே மின்னோட்டம் கூடும். மருமகன் ஓர் உதாரணம் சொன்னான்: 6 அம்பியர் 9 ஆனால், மின்னோட்டம் ஒன்றரை மடங்கு, தடையியிற் பிறக்கும் வெப்பமோ அதன் வர்க்கமாகி இரண்டேகால் மடங்கு. 30 அம்பியர் உருகிக்கு அந்த 9 ஒரு பொருட்டேயல்ல. அதற்கு மேல் இன்னுமொன்று: தடையி அமர்ந்திருப்பது காற்றுக் குழாய்க்குள்ளே. காற்றாடி வீசும் காற்றுத்தான் அதைக் குளிர்விக்கிறது. காற்றாடி சோரும்போது அதன் வெப்பம் கூடுகிறது, காற்றும் குறைகிறது. மூன்றாவது தடையியை வாங்கியிருந்தாலும் அதன் கதி அதுவே.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் முற்றமொன்றிலே நல்ல மோட்டர் கிடைத்தது. புதுத் தடையி, புது இணைப்பி. காற்று வாயிலின் மேல் நுளம்பு வலைத் துண்டொன்றைக் கத்தரித்து ஒட்டியது கிழவரின் சொந்த யோசனை. மனைவி சாவியைக் கொடுக்கச் சற்றுத் தயங்கினார்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு முதல் வேகத்தில் விட்டுக் காத்திருந்தார். கண்ணாடியின் அடியில் இரண்டு பிறைகள் தெளிந்து, மெல்ல மேலேறிப் பரந்தன. முழுவதும் தெளியும்வரை வண்டியை நகர்த்தவில்லை. அந்தக் கடவையில் யாரும் இருக்கவில்லை. ஆயினும் நிறுத்தினார்.