நனைந்த பிளக்கு

“கிக்கர மிதிக்காத தம்பி. மொதல்ல பெட்ரோல் டேப்ப மூடு.”

திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு வேப்பமரம், அதை ஒட்டி ஒரு தகரக் கூரை. அதுதான் பட்டறை. காலை ஆறரை மணி இருக்கும். நைட் ஷிப்ட் முடித்த இளைஞர் ஒருவர் யமஹா ஆர்எக்ஸ்-100 வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆலை வாசலிலேயே சோக்கை இழுத்து நாற்பது, ஐம்பது முறை மிதித்திருக்கிறார். மெக்கானிக் அண்ணன் குனிந்து சைலன்சர் பக்கம் மோந்து பார்த்தார். “ஓவர்ஃப்ளோ” என்றார்.

நான் இந்தப் பட்டறைக்குப் போனதே கார்பரேட்டர் வேலையைப் பார்க்கத்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 புகை விதி வந்த பிறகு புதிய பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் இந்தப் பகுதியில் கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டை, எல்லை தாண்டி ஆந்திராவின் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களில் அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டிய பழைய வண்டி இன்னும் உழைக்கிறது. ஆர்எக்ஸ்-100 நம் நாட்டில் 1985-ல் வந்தது, 1996-ல் நின்றது. 98 சிசி எஞ்சின்தான். ஆனாலும் அதன் சத்தத்துக்கு இன்றும் திரும்பிப் பார்க்காத இளைஞர் இல்லை.

அண்ணன் பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினார். கருத்து, நனைந்து, முனையில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. “காப்பித்தூள் கலர்ல இருந்தா எஞ்சின் நல்லா இருக்குன்னு அர்த்தம் சார். வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தல. இப்படி இருந்தா மூழ்கிப்போச்சு.” நனைந்த பிளக்கில் பொறி சரியாகப் பாயாது. பொறி இல்லாமல் மிதிக்க மிதிக்க இன்னும் பெட்ரோல்தான் உள்ளே போகும். வண்டிக்காரரின் பதற்றம்தான் பாதி நோய்.

இக்னிஷனை அணைத்து, பிளக் ஒயரைத் தள்ளி ஒதுக்கி வைத்தார். உள்ளேயிருந்து பீய்ச்சும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் ஒரு பொறி விழுந்தாலும் தீப்பிடித்துவிடும். பிறகு சோக்கை அணைத்து, ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்து, நிதானமாக மிதித்தார். பிளக் துளை வழியாகப் பெட்ரோல் புகைபோலச் சீறியது. பத்து, பதினைந்து மிதிக்குப் பிறகு வெறும் காற்றுதான் வந்தது.

இதோடு வண்டியை ஓட்டி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தார். அதற்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் ஏற ஏற அது உயர்ந்து ஒரு ஊசியைத் தள்ளும். ஊசி வழியை அடைக்கும். நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் அடைத்துக்கொள்ளும் மிதவை வால்வு மாதிரிதான். அண்ணன் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். சத்தம் இல்லை. அடுத்து ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூர்முனையைச் சுற்றி மோதிரம் போல ஒரு தேய்மானம். என் கண்ணுக்கு அது தெரியவேயில்லை. நகத்தால் தடவச் சொன்னார், அப்போதுதான் உணர்ந்தேன். மயிரிழை அளவு பள்ளம். டேப்பை மூடாமல் விட்ட ஓர் இரவில் எஞ்சினைப் பெட்ரோலில் முக்க அது போதும்.

புது ஊசியை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் இன்னொரு ஆர்எக்ஸ் பற்றிச் சொன்னேன். ஜப்பானின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. 1978 முதல் 2002 வரை வந்த ஸ்போர்ட்ஸ் கார். அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. உள்ளே இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும். ஒவ்வொன்றின் மூன்று முனைகளிலும் உள்ள தகடுகள் சுவரை உரசியபடி அழுத்தத்தைக் காக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காரைச் சற்றே நகர்த்தி நிறுத்திவிட்டால் போதும், அடுத்த முறை கிளம்ப மறுக்கும். எஞ்சினே போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். இவ்வளவுதான் சொன்னேன்.

கை நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ சுவத்துல இருக்கிற ஆயில பெட்ரோல் கழுவிடுது. ஆயில் போனா கம்ப்ரஷன் நிக்காது. பிளக்கக் கழட்டி, பெட்ரோல வெளிய தள்ளிட்டு, அந்த ஓட்டையில கொஞ்சம் ஆயில் விட்டா வந்துடுமே சார்?”

ரோட்டரி கார்களை அறிந்தவர்கள் செய்வதும் அதையேதான். ஃப்யூயல் பம்ப்புக்கான ஃப்யூஸைப் பிடுங்குவார்கள். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக் வீதம் நான்கையும் கழற்றி, செல்ஃப் போட்டுப் பெட்ரோலை வெளியேற்றி, சிறிதளவு எண்ணெய் விட்டு, உலர்ந்த பிளக்குகளை மாட்டுவார்கள். எஞ்சின் பிடித்ததும் தெருவே மறையும்படி வெண்புகை கிளம்பி அடங்கும். அந்த எஞ்சினைக் கண்ணால்கூடக் காணாத ஒருவர், ஒரு தேய்ந்த ஊசியைக் கையில் வைத்தபடி அந்த வைத்தியத்தைச் சொன்னார். எனக்குப் புல்லரித்தது.

“நம்ம நாட்டுல அந்த எஞ்சின் இருக்கா சார்?” என்று கேட்டார். கார் எதுவும் இங்கே அப்படித் தயாரானதில்லை. ஆனால் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள ராணுவ வாகன ஆய்வு நிறுவனமும் பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகமும் சேர்ந்து 55 குதிரைசக்தி ரோட்டரி எஞ்சின் ஒன்றை உருவாக்கின. ‘நிஷாந்த்’ என்ற ஆளில்லா விமானத்தில் பொருத்தி 2009 ஏப்ரலில் கோலாரில் பறக்கவிட்டார்கள். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

ஆர்எக்ஸ்-100 இரண்டாவது மிதியில் பிடித்தது. ஊசியின் விலையோடு சேர்த்து 250 ரூபாய். இளைஞர் தூக்கக் கண்களோடு கிளம்பிப் போனார்.

அண்ணனிடம் வேலை கற்ற இரண்டு பேரும் ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம். போனதில் தவறே இல்லை. இப்போது ஸ்பேனர் எடுத்துத் தரவும் ஆள் இல்லை. திருவள்ளூர் மாவட்ட ஐடிஐகளை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு நாள் இவரைப் போன்றவர்களை வகுப்புக்கு அழையுங்கள். அன்றைய கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். தேய்ந்த ஊசியை மாணவர்கள் நகத்தால் தடவிப் பார்க்கட்டும்.